ஸ்விங் நடனம்: காலின் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

ஜாஸ் இசைக்குப் பெரும்பாலும் ஜோடியாக ஆடும் ஸ்விங் நடனத்தை இணையத்தில் தேடினால், 1941இல் வந்த ‘ஹெல்ஸாபாப்பின்’ படத்தின் நடனக் காட்சி கண்டிப்பாகக் கண்ணில் படும். சமையல்காரர், பணிப்பெண் போன்ற வேலையாட்களின் உடையில் நான்கு ஜோடிகள் ஆடுவார்கள். பெண்கள் ஆண்களின் தோளுக்கு மேல் பறப்பார்கள், ஆண்கள் தரையில் சறுக்கி எழுவார்கள். வேகம் மூச்சை நிறுத்திவிடும். அதைப் பார்த்த கையோடு ‘நமக்கு இது ஆகாது’ என்று முடிவு கட்டி, பலர் பக்கத்தை மூடிவிடுகிறார்கள்.

அப்படி மூடிவிட வேண்டியதில்லை. அந்தக் காட்சி, மேடைக்காகப் பயிற்சி எடுத்த தொழில்முறைக் கலைஞர்களுடையது. சாதாரணமாக ஓர் ஆட்டக் கூடத்தில் மாலை நேரத்தில் ஆடும் ஸ்விங்கில் யாரும் யாரையும் தூக்குவதில்லை. ஓடத் தெரிய வேண்டாம், உடம்பு வளைய வேண்டாம், வயது தடையில்லை. இந்த நொடியில் என் உடம்பின் பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும். ஸ்விங் குடும்பத்தில் எத்தனையோ நடனங்கள் இருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று பெரும்பாலும் வேறுபடுவது, இசையின் எந்தத் தட்டில் பாரம் காலுக்குக் கால் மாறுகிறது என்பதில்தான். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டே போகிறது.

எங்கிருந்து வந்தது

இடம் நியூயார்க் நகரத்தின் ஹார்லெம். லெனாக்ஸ் அவென்யூவில் 140ஆம் தெருவுக்கும் 141ஆம் தெருவுக்கும் நடுவே சவாய் பால்ரூம் 1926 மார்ச் 12 அன்று திறக்கப்பட்டது. ஒரு தெரு முனையிலிருந்து அடுத்த முனை வரை நீண்ட கூடம், இரண்டு இசை மேடைகள். ஒரு குழு முடித்ததும் இன்னொரு குழு தொடங்கிவிடும், இசை நிற்காது. அதே ஹார்லெமில் காட்டன் கிளப் கறுப்பினக் கலைஞர்களை மேடையேற்றிவிட்டு வெள்ளையர்களை மட்டும் வாடிக்கையாளர்களாக அனுமதித்த காலம் அது. சவாயில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே தளத்தில் ஆடினார்கள். உள்ளே வந்தவரிடம் பார்க்கப்பட்டது ஒன்றே ஒன்று: உனக்கு ஆட வருமா?

ஸ்விங் நடனங்களில் ஒன்றான லிண்டி ஹாப் வளர்ந்தது அங்கேதான். பெயர் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை இது: 1927இல் சார்லஸ் லிண்ட்பெர்க் தனியாக அட்லாண்டிக்கைப் பறந்து கடந்தார். அடுத்த ஆண்டு ஹார்லெமில் நடந்த ஒரு நெடுநேர நடனப் போட்டியில் ‘ஷார்ட்டி’ ஜார்ஜ் ஸ்னோடன் தன் துணையை விட்டு விலகித் தன் இஷ்டத்துக்குக் கால் போட்டார். என்ன அது என்று கேட்டவர்களுக்கு ‘லிண்டி ஹாப்’ என்று பதில் சொன்னாராம். கதை எப்படியோ, ஜோடியாக ஆடிக்கொண்டே நடுவில் பிரிந்து, அவரவர் விருப்பப்படி ஆடி, மறுபடி சேர்வதுதான் இந்த நடனத்தின் உயிர்.

1930களின் நடுவில் ஃபிராங்கி மேனிங் என்ற இளைஞர் துணையை முதுகுக்கு மேல் புரட்டி இறக்கும் ‘ஏர் ஸ்டெப்’பைக் கொண்டுவந்தார். ஸ்விங் அலை ஓய்ந்த பிறகு அவர் சுமார் 30 ஆண்டுகள் தபால் துறையில் வேலை பார்த்தார். 1980களில் அமெரிக்காவிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் இளைஞர்கள் பழைய படக் காட்சிகளைப் பார்த்துவிட்டு அவரையும் அவர் தலைமுறையைச் சேர்ந்தவர்களையும் தேடிப் போனார்கள். 70 வயதைத் தாண்டி மேனிங் உலகம் முழுக்கப் பறந்து கற்றுக்கொடுத்தார். 2009இல், 95ஆவது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் முன்பு காலமானார். இன்று சியோல், சிங்கப்பூர், லண்டன், டொரண்டோ என்று எங்கே போய் ஆடினாலும், நீங்கள் போடும் அடி அந்த ஹார்லெம் இளைஞர்கள் கண்டுபிடித்தது. வகுப்பில் யாரும் இதைச் சொல்லாமல் விட்டாலும் நீங்களாகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அது அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை.

காலுக்கு முன் காது

முதல் வாரம் எந்த அடியும் போட வேண்டாம், கேளுங்கள். கவுண்ட் பேஸி, டியூக் எலிங்டன், சிக் வெப், ஜிம்மி லன்ஸ்ஃபோர்ட், எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், பென்னி குட்மன் என்று அந்தக் கால ஸ்விங் இசைக் கலைஞர்களைத் தேடினால் நாள் முழுக்கக் கேட்கும் அளவுக்குக் கிடைக்கும். சிக் வெப் சவாயின் ஆஸ்தான டிரம்மர். 1937இல் அதே கூடத்தில் பென்னி குட்மன் குழுவும் சிக் வெப் குழுவும் நேருக்கு நேர் மோதியபோது, அன்று நாடே கொண்டாடிய குட்மனை வெப் தோற்கடித்தார் என்பதுதான் கூட்டத்தின் தீர்ப்பு.

கேட்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, பீட். பாட்டின் அடியில் பாஸ் கருவி ‘டும் டும் டும் டும்’ என்று சீராக நடந்துகொண்டே இருக்கும். அதுதான் உங்கள் கால் நடக்க வேண்டிய பாதை. கை தட்டுவதென்றால் 1, 3இல் தட்டாமல் 2, 4இல் தட்டிப் பாருங்கள், பாட்டு சட்டென்று துள்ள ஆரம்பிக்கும்.

இரண்டாவது, அந்தத் துள்ளல் எங்கிருந்து வருகிறது என்பது. ஸ்விங்கில் ஒரு பீட்டை இரண்டாகப் பிரிக்கும்போது சரிபாதியாகப் பிரிக்க மாட்டார்கள், முதல் பகுதி நீளும், இரண்டாவது குறுகும். மிருதங்கத்தில் திஸ்ர நடை கேட்டிருப்பவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒவ்வொரு பீட்டையும் ‘த-கி-ட’ என்று சொல்லுங்கள். அப்புறம் ‘கி’யை மட்டும் மனசுக்குள் சொல்லி, ‘த’வையும் ‘ட’வையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: த – ட, த – ட, த – ட. ஸ்விங்கின் ஆட்டம் முழுவதும் இதற்குள் இருக்கிறது. வேகம் கூடக் கூட இந்த ஏற்றத்தாழ்வு குறைந்து சமமாகிக்கொண்டே போகும்.

பழகுவதற்கு நிமிடத்துக்கு 120 முதல் 140 பீட் வரை உள்ள பாட்டுகள் சரியாக இருக்கும். ஆட்டக் கூடங்களில் 140 முதல் 180 வரை சகஜம். 200ஐத் தாண்டினால் வேகப் பாட்டு. பீட்டுக்கு ஏற்பத் தட்டினால் வேகத்தைக் காட்டும் இலவசச் செயலிகள் கைபேசியில் உண்டு, ஒன்றைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பவுன்ஸ்

இனி எழுந்து நிற்கலாம். பாதங்கள் இடுப்பகலத்துக்கு, முழங்கால்கள் பூட்டாமல் தளர்வாக, பாரம் குதிகாலை விட்டு முன்பாதத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்து. பாட்டைப் போட்டு ஒவ்வொரு பீட்டுக்கும் முழங்காலை லேசாக இறக்குங்கள். கவனம்: பீட்டில் உடம்பு கீழே போக வேண்டும், மேலே எம்பக் கூடாது. புதியவர்கள் குதிக்கிறார்கள். இந்த நடனம் தரையை நோக்கியது. அதை நன்றாக ஆடுபவர்களைப் பார்த்தால், தலை உயரம் பெரிதாக மாறாமல் இடுப்புக்குக் கீழே மட்டும் ஓர் அதிர்வு ஓடிக்கொண்டிருக்கும்.

பவுன்ஸ் நிலைத்ததும் நின்ற இடத்திலேயே நடங்கள்: இடது, வலது, இடது, வலது. காலைத் தூக்கி வைப்பது மட்டும் நடை ஆகாது. பாரம் முழுதாக அந்தக் காலுக்குப் போய்விட்டதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. எந்த நொடியிலும் நிறுத்தி, மற்றக் காலைத் தரையிலிருந்து எடுத்துப் பாருங்கள். தள்ளாடாமல் எடுக்க முடிந்தால் பாரம் மாறியிருக்கிறது. வகுப்பில் ‘எந்தக் காலில் தொடங்குவது என்றே தெரியவில்லை’ என்று திணறுபவர்களிடம் கோளாறு எப்போதும் இங்கேதான். அவர்களுக்கு மறதி ஒன்றுமில்லை. பாரம் இரண்டு காலிலும் பாதி பாதியாகத் தங்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

மூன்று துண்டுகள்

எல்லா ஸ்விங் நடனங்களையும் இரண்டிரண்டு பீட் கொண்ட துண்டுகளாக வெட்டிப் பார்க்கலாம். ஒரு துண்டுக்குள் பாரம் எத்தனை முறை மாறுகிறது என்பதை வைத்து மூன்று வகை.

ஒற்றை: இரண்டு பீட்டுக்கு ஒரே ஓர் அடி. மற்றப் பீட்டில் நிற்கலாம், துள்ளலாம், காலால் உதைக்கலாம், தரையைத் தொடலாம். பாரம் மட்டும் மாறாது.

இரட்டை: பீட்டுக்கு ஓர் அடி. நடப்பது இந்த வகை. ‘ராக் ஸ்டெப்’பும் இதுதான்: ஒரு காலைப் பின்னால் வைத்துப் பாரத்தைக் கொடுத்து, உடனே முன்காலுக்குத் திரும்புவது. பின்னால் வைக்கும் அடி சின்னதாக இருக்கட்டும். முன்பாதம் மட்டும் தரையைத் தொட்டால் போதும், மேலுடம்பு பின்னால் சாயக் கூடாது.

மும்மை: இரண்டு பீட்டுக்குள் மூன்று அடி. இதுதான் ‘ட்ரிபிள் ஸ்டெப்’. எண்ணும்போது ‘3-அண்ட்-4’ என்பார்கள். த-கி-ட முறையில் சொன்னால், முதல் பீட்டின் ‘த’வில் ஓர் அடி, அதே பீட்டின் ‘ட’வில் ஓர் அடி, அடுத்த பீட்டின் ‘த’வில் ஓர் அடி. இடது-வலது-இடது, அப்புறம் வலது-இடது-வலது. நடு அடி தாமதமாக வந்து மூன்றாவதோடு ஒட்டிக்கொண்டு போகும். மூன்றையும் சம இடைவெளியில் போட்டால் ராணுவ நடை மாதிரி ஆகிவிடும்.

மும்மை மட்டுமே ஒரு பாட்டு முழுக்கப் போட்டுப் பழகுங்கள். அடிகளைத் தோள் அகலத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வேகம் கூடினால் அடி சிறுக்க வேண்டும், இது மாறாத விதி. கெண்டைக்கால் வலித்தால் நீங்கள் முன்பாதத்தின் நுனியில் ஏறி நிற்கிறீர்கள் என்று பொருள், கொஞ்சம் இறங்கி வாருங்கள்.

ஒற்றையிலும் மும்மையிலும் பாரம் ஒற்றைப்படையாக மாறுவதால், துண்டு முடியும்போது அடுத்து எடுக்க வேண்டிய கால் மாறியிருக்கும். இரட்டையில் தொடங்கிய காலே மறுபடி காலியாக இருக்கும். அதனால்தான் ஒற்றையும் மும்மையும் எப்போதும் ஜோடியாக வருகின்றன. கீழே வரும் எந்த அடவையும் இப்படிக் கூட்டிப் பாருங்கள், மொத்தம் இரட்டைப்படையாகத்தான் வரும். வராவிட்டால் எங்கோ ஓர் அடி விடுபட்டிருக்கிறது.

ஆறு எண்ணிக்கை

வழி நடத்துபவரை லீட் என்றும் கூடவே வருபவரை ஃபாலோ என்றும் சொல்வார்கள். ஆண்தான் லீட், பெண்தான் ஃபாலோ என்ற கட்டாயம் இன்று கிடையாது. பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு மற்றதையும் கற்றுக்கொள்ளுங்கள். லீட் இடது காலில் தொடங்குவார், ஃபாலோ வலது காலில். எதிரெதிரே நிற்பதால் கண்ணாடியில் பார்ப்பது போல் இருக்கும்.

லீட்டுக்கு:
1, 2 – ராக் ஸ்டெப் (இடது பின்னால், வலது இருந்த இடத்தில்)
3-அண்ட்-4 – இடது, வலது, இடது
5-அண்ட்-6 – வலது, இடது, வலது

ஃபாலோவுக்கு இதே வரிசை, கால் மட்டும் மாற்றி. துண்டுக் கணக்கில் இரட்டை, மும்மை, மும்மை. பாரம் மாறுவது 2 + 3 + 3 = 8 முறை.

இதையே அமெரிக்க நடனப் பள்ளிகள் 1940களில் எளிமைப்படுத்தி, ஒழுங்குபடுத்திக் கற்பித்தன. அப்படி உருவானதுதான் ‘ஈஸ்ட் கோஸ்ட் ஸ்விங்’. அங்கே பெரும்பாலும் ட்ரிபிளில் தொடங்கி ராக் ஸ்டெப்பில் முடிப்பார்கள். சக்கரம் ஒன்றுதான், ஏறும் இடம் வேறு. வேகப் பாட்டு வந்தால் மும்மைகளை ஒற்றையாகக் குறைத்து, ராக் ஸ்டெப், ஓர் அடி, ஓர் அடி என்று ஆடலாம்: 2 + 1 + 1 = 4. புதியவர்களுக்கு இது நல்ல அடைக்கலம். மூச்சு வாங்கும்போது இதற்கு இறங்கிவிடுங்கள், துணைக்கும் நிம்மதியாக இருக்கும்.

ஸ்விங் அவுட்

லிண்டி ஹாப்பின் இதயம் இது. எட்டு எண்ணிக்கை: இரட்டை, மும்மை, இரட்டை, மும்மை. 2 + 3 + 2 + 3 = 10. பல ஆண்டுகளாக ஆடுபவர்களும் இதைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள், அவ்வளவு ஆழம் இருக்கிறது. ஆகவே முதல் வகுப்பிலேயே வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் காலை மட்டும் தனியாகப் பழகுங்கள். லீட் என்றால் 1 இடது பின்னால், 2 வலது, 3-அண்ட்-4 இடது-வலது-இடது, 5 வலது, 6 இடது, 7-அண்ட்-8 வலது-இடது-வலது. இது யோசிக்காமல் வரும்வரை துணை தேட வேண்டாம்.

அடுத்து துணையோடு, நெருங்கிய பிடியில், இருவரும் சேர்ந்து கடிகார முள் சுற்றும் திசையில் ஒரு முழு வட்டம் போடுங்கள். லீட்டின் வலது கை ஃபாலோவின் முதுகில் தோள்பட்டை எலும்புக்குக் கீழே இருக்கும், ஃபாலோவின் இடது கை லீட்டின் தோளிலோ புஜத்திலோ இருக்கும். இந்த அடவை ‘லிண்டி சர்க்கிள்’ என்பார்கள். வட்டம் பழகியபின் 7-அண்ட்-8இல் லீட் வலது கையைத் தளர்த்தினால், சுற்றிய வேகத்திலேயே ஃபாலோ வெளியே போவார், கைகள் மட்டும் கோத்திருக்கும். இது பாதி ஸ்விங் அவுட்.

மீதிப் பாதி, விலகி நிற்கும் நிலையிலிருந்து உள்ளே வருவது. 1, 2இல் ஃபாலோ லீட்டை நோக்கி நடந்து வருகிறார். லீட் அவர் பாதையிலிருந்து பக்கவாட்டில் ஒதுங்குகிறார். 3-அண்ட்-4இல் லீட்டின் வலது கை ஃபாலோவின் முதுகைச் சேர்கிறது. 5, 6இல் இருவரும் ஒரே அச்சில் சுழல்கிறார்கள். 7-அண்ட்-8இல் ஃபாலோ தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறார்.

பலரும் தடுமாறும் இடம் 4. அந்த நேரத்தில் இருவரும் ஒரு கணம் ஒருவரையொருவர் பிடித்து நிறுத்துகிறார்கள், அந்த இழுவிசையில்தான் சுழற்சி பிறக்கிறது. லீட் கையால் இழுத்து இதைச் செய்ய முயன்றால் ஃபாலோவின் தோள்தான் வலிக்கும். கையை மறந்துவிட்டு, முழங்காலை மடக்கித் தரையில் உட்காரப் போவதுபோல் பாரத்தை இறக்குங்கள். கை தானாக வேலை செய்யும். ஃபாலோவாக ஆடுபவர்கள் 5ஆவது அடிக்கு அவசரப்பட்டு ஓடிவிடுவார்கள். லீட் விடும்வரை முதுகை அவர் கையில் சாய்த்து வையுங்கள்.

கை கோக்கும்போது லீட்டின் உள்ளங்கை மேல்நோக்கி, விரல்கள் லேசாக வளைந்து இருக்க வேண்டும். ஃபாலோவின் விரல்கள் அதன் மேல் கொக்கி போல் தொங்கும். கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்காதீர்கள். ஒரே இரவில் துணைக்கு மணிக்கட்டு வலியைக் கொடுக்க அந்த ஒரு பழக்கம் போதும்.

சார்ல்ஸ்டன்

1923இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடை ஒன்றின் வழியாக அமெரிக்கா முழுவதும் பரவிய ஆட்டம். 20களின் சார்ல்ஸ்டனைத் தனியாகவே ஆடலாம். இடது கால் முன்னால் ஓர் அடி, வலது கால் முன்னால் உதை, அதே வலது பின்னால் ஓர் அடி, இடது கால் பின்னால் நீண்டு ஒரு தட்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பீட். பழகியபின் முன்பாதத்தின் மேல் குதிகால்களை உள்ளும் வெளியுமாகத் திருப்பினால், படங்களில் பார்த்த அந்த ஆட்டம் வந்துவிடும். துணை கிடைக்காதவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. வீட்டுக் கூடத்தில் ஒரு பாய் விரிக்கும் இடம் போதும்.

30களின் சார்ல்ஸ்டன் லிண்டி ஹாப்போடு கலந்தது. இருவரும் ஒரே திசை பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள், ஃபாலோ லீட்டின் வலப்பக்கம். லீட்டுக்கு: 1, 2 ராக் ஸ்டெப். 3 இடது கால் உதை, 4 அதே காலைக் கீழே வை. 5 வலது கால் முன்னால் உதை, 6 முழங்கால் மடக்கு, 7 அதே கால் பின்னால் உதை, 8 கீழே வை. கணக்கு 2 + 1 + 0 + 1 = 4. எட்டு பீட்டுக்கு நான்கே அடிகள் என்பதால்தான் வேகப் பாட்டுக்கு இது ஒத்துவருகிறது. உதை என்றால் கால்பந்து உதை அல்ல, முழங்காலுக்குக் கீழே மட்டும் தளர்வாக வீசுங்கள். நெரிசலில் உங்கள் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு 7ஆவது எண்ணிக்கையைப் போடுங்கள்.

மற்ற உறவுகள்

பல்போவா தெற்குக் கலிஃபோர்னியாவின் கடற்கரை ஆட்டம். நியூபோர்ட் பீச்சின் பல்போவா தீபகற்பத்தில் 1928இல் திறந்த ரான்டேவூ பால்ரூம் போன்ற கூடங்களில் வளர்ந்தது. கூட்டம் நெருக்கியடித்ததால் காலை வீசவோ விலகி ஓடவோ இடமில்லை, மார்போடு மார்பு சேர்ந்து நின்று காலை மட்டும் தரையோடு உரசி நகர்த்தினார்கள். ஓர் அடி, ஓர் அடி, ஓர் அடி, நில். மறுபடி ஓர் அடி, ஓர் அடி, ஓர் அடி, நில். இரட்டை, ஒற்றை, இரட்டை, ஒற்றை: 2 + 1 + 2 + 1 = 6. தூரத்திலிருந்து பார்த்தால் எதுவுமே நடக்காதது போலிருக்கும். ஆடுபவர்களுக்குள் ஓடும் பேச்சு அவர்களுக்கு மட்டும் கேட்கும். 200ஐத் தாண்டிய பாட்டுக்கும் வியர்க்காமல் ஆடலாம் என்பது இதன் பெரிய வசதி. லிண்டி ஹாப் ஓரளவு வந்தவர்கள் அடுத்து கற்க வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. பாரத்தைச் சுத்தமாக மாற்றாதவர்களை இது ஒரு நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

காலேஜியட் ஷாக், 1930களின் கல்லூரி மாணவர்களைப் பிடித்து ஆட்டியது. கோத்த கைகளை உயரத் தூக்கிவைத்து, நிமிர்ந்த உடம்போடு கால்களை வேகமாகத் துள்ளவைப்பார்கள். ஓர் அடி-துள்ளல், ஓர் அடி-துள்ளல், ஓடு-ஓடு. கணக்குப் போட்டால் 1 + 1 + 2 = 4. மேலே சொன்ன எளிய ஈஸ்ட் கோஸ்ட் அடவின் அதே கணக்கு! கணக்கு ஒன்றாக இருந்தும் ஆட்டம் அடையாளமே தெரியாமல் மாறிவிடுவதைப் பாருங்கள், உடம்பை வைத்துக்கொள்ளும் விதமும் வேகமும் செய்யும் வேலை அது. சிமென்ட் தரையில் ஷாக் ஆட வேண்டாம், முன்னங்கால் எலும்பு வலிக்கத் தொடங்கும்.

வெஸ்ட் கோஸ்ட் ஸ்விங் வேறு திசைக்குப் போய்விட்ட தம்பி. ஃபாலோ ஒரு நேர்கோட்டுப் பாதையில் வந்து போவார், லீட் அதிலிருந்து விலகி வழிவிடுவார். நடை, நடை, ட்ரிபிள், ட்ரிபிள்: 2 + 3 + 3 = 8. கடைசி ட்ரிபிள் இருந்த இடத்திலேயே நங்கூரம் பாய்ச்சுவது போல விழும். இன்று ப்ளூஸ், பாப், ஆர் அண்ட் பி பாட்டுகளுக்கு, மெதுவாக, பவுன்ஸ் இல்லாமல் வழுக்கினாற்போல் ஆடுகிறார்கள். 1988இல் கலிஃபோர்னியா தன் மாநில நடனமாக ஸ்விங்கை அறிவித்தபோது வெஸ்ட் கோஸ்ட் ஸ்விங்கின் பெயரும் அதில் வந்தது. பிடித்திருந்தால் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் லிண்டி ஹாப்போடு ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம், ஒன்று கீழே இறங்கச் சொல்லும், மற்றது வழுக்கச் சொல்லும், உடம்பு குழம்பும்.

காலணியும் தரையும்

கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. ஓட்டப் பயிற்சிக்கான ரப்பர் அடி ஷூ போட்டு ஸ்விங் ஆடாதீர்கள். உடம்பு திரும்பும், பாதம் தரையைப் பிடித்துக்கொண்டு திரும்ப மறுக்கும், நடுவில் மாட்டுவது முழங்கால். தோல் அடி உள்ள சாதாரண ஷூ நல்லது. கேன்வாஸ் ஷூவின் அடியில் மெல்லிய மெதுதோல் ஒட்டித் தரச் சொன்னால் செருப்புத் தைப்பவர் ஒட்டித் தருவார், குறைந்த செலவில் வேலை முடிந்துவிடும். பின்பட்டை இல்லாத செருப்பு கழன்று பறக்கும். வெறுங்கால் டைல்ஸில் ஒட்டும், காலுறை வழுக்கும், இரண்டும் வேண்டாம். தரை, மரமாக இருந்தால் பாக்கியம். மொசைக், டைல்ஸ் என்றால் துள்ளலைக் குறைத்து ஆடுங்கள்.

பழங்கால உடை, சஸ்பெண்டர், தொப்பி எல்லாம் அழகுதான். முதல் மாதம் அதற்குச் செலவழிக்க வேண்டாம். வியர்வையை உறிஞ்சும் பருத்திச் சட்டைகள் இரண்டோ மூன்றோ பையில் வைத்துக்கொண்டு, நனைந்ததும் மாற்றுங்கள். துண்டு, தண்ணீர், வாய்க்குக் கொஞ்சம் ஏலக்காய். நெருங்கி நின்று ஆடும் நடனத்தில் துணைக்குச் செய்யும் முதல் உபசாரம் இது.

கூடத்துக்குப் போகும் நாள்

அடிப்படை ஆறு எண்ணிக்கை கையில் இருந்தால் போதும், சமூக நடனங்களுக்குப் போகத் தொடங்கலாம். எல்லாம் கற்றுக்கொண்டு போகலாம் என்று காத்திருப்பவர்கள் போவதே இல்லை. பெரும்பாலான இடங்களில் நடனத்துக்கு முன்பு தொடக்க நிலை வகுப்பு ஒன்று இருக்கும், அதற்கு நேரத்துக்குப் போய்விடுங்கள்.

யாரையும் கேட்கலாம், யாரும் உங்களைக் கேட்கலாம். ‘ஆடலாமா?’ என்பது போதுமான கேள்வி, ‘இந்தப் பாட்டுக்கு வேண்டாம்’ என்பது போதுமான பதில். காரணம் கேட்கக் கூடாது. ஒரு பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லிப் பிரிவதோ, சில ஊர்களில் போல இரண்டு பாட்டு சேர்ந்து ஆடுவதோ அந்தந்தக் கூடத்தின் வழக்கம், கவனித்தால் தெரிந்துவிடும். ஆடும்போது துணையின் அடியைத் திருத்தாதீர்கள். அவர் கேட்டால் தவிர, கற்பிக்கும் இடம் வகுப்பு. யார் மீதாவது கால் பட்டால் யார் தவறு என்று பார்க்காமல் நின்று விசாரியுங்கள். ஏர் ஸ்டெப் எதையும் சமூக நடனத்தில் செய்யக் கூடாது, முன்பே சேர்ந்து பழகிய துணையாக இருந்தாலும் நெரிசலில் வேண்டாம்.

குழப்பம் வந்து எண்ணிக்கை தவறினால், நின்ற இடத்தில் பவுன்ஸுக்குத் திரும்புங்கள். ஒரு நான்கு பீட் சும்மா பாரத்தை மாற்றிக்கொண்டிருந்துவிட்டு, லீட் இடது கால் காலியாக இருக்கும்போது ராக் ஸ்டெப் போட்டால் ஆட்டம் தொடரும். ஆறு எண்ணிக்கை அடவு எட்டு எட்டாக ஓடும் இசையோடு சேராமல் நழுவுகிறதே என்று கவலைப்படுபவர்கள் உண்டு. நான்கு ஆறுகள் மூன்று எட்டுகள், 24இல் இரண்டும் சந்தித்துக்கொள்ளும். சவாயில் ஆடியவர்கள் ஆறையும் எட்டையும் இஷ்டப்படிக் கலந்துதான் ஆடினார்கள்.

இரவின் நடுவே எல்லோரும் துணையை விட்டுவிட்டு வரிசையாக நின்று ஒரே அடவைப் போடத் தொடங்குவதைப் பார்ப்பீர்கள். அது ‘ஷிம் ஷாம்’, காலணியால் தரையில் தட்டித் தாளம் போடும் ‘டாப்’ (tap) நடனத்தின் கலைஞர்களிடமிருந்து வந்தது. பின்வரிசையில் நின்று முன்னால் இருப்பவரின் காலைப் பார்த்துக்கொண்டே சேர்ந்துகொள்ளலாம், பாதி தவறினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

உங்கள் ஊரில் வகுப்பு இருக்கிறதா என்று தெரியாவிட்டால், ஊர்ப் பெயரோடு ‘லிண்டி ஹாப்’ சேர்த்துச் சமூக வலைத்தளங்களில் தேடுங்கள். மே 26 ஃபிராங்கி மேனிங்கின் பிறந்தநாள், உலக லிண்டி ஹாப் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்த நாளையொட்டிப் பல நகரங்களில் பூங்காவிலும் தெருமுனையிலும் திறந்தவெளியில் ஆடுவார்கள். புதியவர்கள் போய் நின்றால் யாராவது வந்து கை நீட்டுவார்கள்.